பேர் வெட்டிய டம்ளர்

ஜூன் 4, ஞாயிறு

மனநல மையத்துக்கு வரும் பன்னிரண்டு பேருக்கும் ஆளுக்கொரு நோட்டு வாங்கிப் போயிருந்தேன். மனதில் படுவதை எழுதச் சொன்னேன். பதினொரு பேர் வாங்கிக்கொண்டார்கள். நாச்சிமுத்து மட்டும், "எனக்கு மனசுல ஒன்னும் படறதில்லீங்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்தப் பன்னிரண்டாவது நோட்டுதான் இது. ஊருக்கெல்லாம் எழுதச் சொல்லும் மகராசி, நீ எழுதுகிறாயா என்று யாராவது கேட்பதற்கு முன்னால் நாலு பக்கமாவது நிரப்பிவைக்கலாம்.

தாராபுரத்துக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. பெயர்ப் பலகையில் நான் மருத்துவ உளவியலாளர் சுகிர்தா. ஊர் வாயில் டாக்டரம்மா. மருந்து எழுதும் டாக்டர் வேறு, அவர் ஒன்றுவிட்ட புதன்கிழமை வருவார். காதில் குரல் கேட்கிறவர்கள், யாரோ தங்களை வேவு பார்ப்பதாக நம்புகிறவர்கள், அதனால் வீட்டுக்குள்ளேயே முடங்கிப்போனவர்கள், இவர்களைப் பல் தேய்க்கவைத்து, பஸ் ஏறவைத்து, நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிடவைப்பது என் வேலை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

துணி துவைத்தேன். சாயந்திரம் ஐந்துக்கு அழைத்தேன். எடுக்கவில்லை.

ஜூன் 6, செவ்வாய்

மயில்சாமி இன்று சிரித்தான். தேதி போட்டு எழுதிவைக்க வேண்டிய விஷயம்.

முப்பத்து மூன்று வயது. பம்புசெட் மோட்டாருக்குச் சுருள் கட்டுவதில் கெட்டிக்காரன். மூன்று வருடத்துக்கு முன்னால் குரல்கள் கேட்கத் தொடங்கி, மாத்திரையைத் தூக்கி எறிந்து, வீட்டைவிட்டுப் போய், பதினோரு நாள் கழித்து ஒட்டன்சத்திரம் ரோட்டில் செருப்பில்லாமல் நடந்துகொண்டிருந்தவனைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒரு வருடமாக மையத்துக்கு வருகிறான். குரல் இல்லை. சந்தேகம் மட்டும் மிச்சம்.

அதற்காக ஒரு வழி சொல்லிக்கொடுத்திருக்கிறேன். நோட்டின் நடுவில் ஒரு கோடு. சந்தேகத்தை மேலே எழுத வேண்டும். அது உண்மை என்பதற்கு என்ன ஆதாரம் என்று இடப்பக்கம், இல்லை என்பதற்கு என்ன ஆதாரம் என்று வலப்பக்கம், கீழே முடிவு. பஸ் கண்டக்டர் தன்னைப் பார்த்து விசிலடித்து யாருக்கோ ஜாடை காட்டுகிறார் என்று போன வாரம் எழுதியிருந்தான். இன்று வலப்பக்கம் ஒரு வரி கூடியிருந்தது: "எல்லா ஸ்டாப்பிலும் அடிக்கிறார். நான் இறங்கின பிறகும் அடித்தார்."

"விசிலடிக்கறதுதானுங்க அவுருக்கு வேலையே" என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன். சாப்பாட்டு வரிசையில் சமையல்கார ரங்காத்தாள் என் தட்டருகே மோரைக் கொண்டுவந்தாள். நான் மோர் குடிப்பதில்லை என்று இந்த அம்மாளுக்கு நூறு தடவை சொல்லியாயிற்று.

ஜூன் 9, வெள்ளி

மயில்சாமி வீட்டுக்குப் போனேன். அவனும் அம்மா தெய்வாத்தாளும் மட்டும்தான். அவன் வாசலோரப் பட்டறையில் இருந்தான். அந்த அம்மாள் என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டுக் கதவை ஒருக்களித்தார்.

"உங்ககிட்டச் சொல்லோணும்னு இருந்தனுங்க. அவனாக் குடிக்கறதில்ல மாத்தர. நாந்தான் குடுக்கறேன்."

ஷெல்ஃபில் ஒரு டம்ளர். "மயில்சாமி, காதுகுத்து, தாய்மாமன் சீர்" என்று பேர் வெட்டியிருந்தது. வேறு டம்ளரில் அவன் குடிப்பதில்லையாம். தினம் சாயந்திரம் மாத்திரையைக் கரண்டியால் நுணுக்கி இந்த டம்ளர் அடியில் போட்டுவிட்டு, அதன்மேல் காப்பியை ஊற்றுகிறார். ஒரு வருடமாக. டாக்டருக்கும் தெரியுமாம்.

எனக்குத்தான் தெரியவில்லை. ஒரு வருடமாக அவன் தேறியதெல்லாம் என் பேச்சினாலும் நோட்டினாலும் என்று மனசுக்குள் ஒரு மாலை போட்டுக்கொண்டிருந்தேன்.

"அவங்கிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங் கண்ணு" என்று கையைப் பிடித்துக்கொண்டார். சரி என்று தலையாட்டினேன். காப்பி கொடுத்தார். குடிக்காமல் வந்துவிட்டேன்.

ஜூன் 11, ஞாயிறு

அழைத்தேன். எடுக்கவில்லை. தேங்காய் மூடி ஃபிரிட்ஜில் கெட்டுப்போய்விட்டது. ஒரு ஆளுக்கு அரைத் தேங்காய் விற்கும் கடை எந்த ஊரிலும் இல்லை.

ஜூன் 13, செவ்வாய்

கேட்டுவிட்டான்.

எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவப் போயிருந்தார்கள். பக்கத்தில் வந்து நின்று, மெதுவாக, "மேடம், எங்கம்மா காப்பீல எதாச்சும் கலக்கறாங்களாங்க?" என்றான்.

"சேச்சே. அவங்க ஏன் அப்படிச் செய்யப்போறாங்க, மயில்சாமி?"

எவ்வளவு சுளுவாக வந்தது அந்தச் "சேச்சே". பழக்கப்பட்ட நாக்கு.

ஜூன் 19, திங்கள்

நோட்டைக் கொண்டுவந்து காட்டினான். அப்படியே எடுத்து எழுதுகிறேன்.

மேலே: காப்பியில் என்னமோ கலக்கிறார்கள்.

இடப்பக்கம்: ஒரே போசியில் இருந்துதான் ரெண்டு பேருக்கும் ஊத்தறாங்க. என்ற டம்ளர்ல மட்டும் அடியில முன்னாடியே என்னமோ கெடக்குது. கடைசி மடக்குல சுண்ணாம்பாட்டம் இருக்குது. நான் குடிச்சு முடிக்கிற வரைக்கும் அம்மா நின்னு பாக்கறாங்க. ஒருக்கா டம்ளர மாத்தி எடுத்தேன். உடனே அம்மா கை பட்டு அது கீழ கொட்டிருச்சு. கை படல. தட்டி உட்டாங்க.

வலப்பக்கம்: மேடம் இல்லைன்னு சொன்னாங்க.

முடிவு: என்ற நாக்குதான் கோளாறு.

"செரியாப் போட்டிருக்கனுங்களா?" என்று கேட்டான். பரீட்சைத்தாளை நீட்டும் முகம். இடப்பக்கம் எழுதியது அத்தனையும் நிஜம், ஒன்றுகூடத் தப்பில்லை. என் ஒரு வரிக்காக இந்தப் பையன் தன் நாக்கையும் கண்ணையும் பொய் என்று அடித்துப்போட்டுவிட்டான். குணப்படுத்துகிறேன் என்று சொல்லிக்கொண்டு, சரியாக இருப்பதையும் நம்பாதே என்று அவனுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

"நல்லா எழுதியிருக்கீங்க" என்றேன். வெட்கக்கேடு.

ஜூன் 21, புதன்

டாக்டரிடம் பேசினேன். கெட்டவரில்லை. ஒரு நாளில் எழுபது பேரைப் பார்க்கிறவர்.

"சொல்லாம இருக்கிற வரைக்கும் நல்லா இருப்பான். சொன்னா மாத்திரைய விட்டுடுவான். விட்டா மூணு வாரம். அப்புறம் மறுபடியும் ஒட்டன்சத்திரம் ரோடு. நீங்க தேடப் போறீங்களா?"

"அவன் என்கிட்டக் கேட்டுட்டான், டாக்டர்."

"கேக்கத்தான் செய்வான்" என்று அடுத்த சீட்டை எடுத்தார்.

ஜூன் 24, சனி

தெய்வாத்தாளிடம், நீங்களே சொல்லிவிடுங்கள், நான் பக்கத்தில் இருக்கிறேன் என்று ஒரு மணி நேரம் கெஞ்சினேன். முதலில் முறத்தில் இருந்த அரிசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பதினோரு நாள் தேடுனவ நானுங்க. கெணறு கெணறா எட்டிப் பாத்தவ. நீங்க பாக்கல."



ஜூன் 25, ஞாயிறு

சர்ச்சுக்குப் போனேன். கடைசி பெஞ்சு. பாதிரியார் ஏதோ மன்னிப்பைப் பற்றிச் சொன்னார், மின்விசிறி சத்தத்தில் பாதிதான் கேட்டது. வீட்டுக்காரம்மா படியேறி வந்து, ஐந்து மாதமாக சிலிண்டர் மாற்றவில்லையே, சமைக்கிறீர்களா இல்லையா என்று கேட்டார். அக்கறையில்தான் கேட்டார். எனக்குத்தான் சுருக்கென்றது.

அழைத்தேன். முழுக்க அடித்து நின்றது.

ஜூன் 27, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

திட்டமிட்டுச் சொல்லவில்லை. இன்று அரிசிம்பருப்பு சாதம், மையத்தில் எல்லோருக்கும் பிடித்தது. மயில்சாமி தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான், சாப்பிடவில்லை. ஏன் என்றேன். "ருசி தெரியுதுங்க. ஆனா தெரியறத நம்பலாமான்னு தெரியல" என்றான்.

தனியாகத் தோட்டத்துப் பக்கம் கூட்டிப்போனேன். "மயில்சாமி, அன்னைக்கு நான் உங்ககிட்டப் பொய் சொன்னேன். காப்பியில மாத்திரை கலக்குறாங்க. ஒரு வருஷமா. விஷம் இல்ல, உங்க மாத்திரைதான். உங்கம்மா பயத்துல செய்யுறாங்க. உங்க நாக்கு சரியாத்தான் இருக்கு."

அவன் கத்தவில்லை. கத்துவான் என்று தயாராக இருந்தேன். "அம்மாவத்தானுங்க சந்தேகப்பட்டேன். உங்களப் படல" என்றான். பையை எடுத்துக்கொண்டு பன்னிரண்டே முக்கால் பஸ்ஸில் போய்விட்டான்.

ஜூன் 28, புதன்

தெய்வாத்தாள் மையத்துக்கே வந்துவிட்டார். வாசலில் நின்றே பேசினார். எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நல்லாத்தான இருந்தான்? பஸ்ஸேறி வந்துட்டு, மோட்டரு கட்டிட்டு, ரெண்டு வாய் நல்லாச் சாப்புட்டுட்டு. ஒரே சொல்லுல கெடுத்துப்போட்டீங்களே! உண்மைய வெச்சு நானென்ன கொழம்பா காச்சறது?"

திட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதார். ரங்காத்தாள் தண்ணீர் கொண்டுவந்தாள். எனக்கு இல்லை, அவருக்கு. மத்தியானம் சாப்பாட்டு வரிசையில் என் இரண்டு பக்கமும் காலியாக இருந்தது. நானும் சாப்பிடவில்லை.

ஜூலை 3, திங்கள்

மயில்சாமி வரவில்லை. அவர்கள் வீட்டுக்குப் போனேன். கேட்டைத் திறக்காமலே தெய்வாத்தாள் செய்தி சொன்னார். அம்மா கையால் எதையும் சாப்பிடுவதில்லையாம். ஓடு உரிக்காத முட்டை, தொலி உரிக்காத வாழைப்பழம், தோட்டில் இருக்கும் நிலக்கடலை, தானே சீவிய இளநீர். யாரும் உள்ளே கைவைக்க முடியாததை மட்டும்.

மாத்திரை? கேட்கவே வேண்டியதில்லை.

ஜூலை 5, புதன்

டாக்டர் வந்தார். "எத்தனை நாள் ஆச்சு?" என்றார். எட்டு என்றேன். காலண்டரைப் பார்த்தார். அடுத்த சீட்டை எடுத்தார். திட்டியிருக்கலாம்.

ஜூலை 7, வெள்ளி

போனேன். கேட் பூட்டியிருந்தது. பட்டறையில் விளக்கு எரிந்தது. பத்து நிமிடம் நின்றேன்.

ஜூலை 9, ஞாயிறு

அழைக்கவில்லை. அழைத்து என்ன சொல்வது? பிறகு ஆறு மணிக்கு அழைத்தேன். எடுக்கவில்லை. முட்டை அவித்துச் சாப்பிட்டேன்.

ஜூலை 11, செவ்வாய்

இன்றும் போனேன். தெய்வாத்தாள் கேட்டுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். திட்டவில்லை. "நேத்திருந்து கெணத்துப் பக்கமே பாத்துட்டு நிக்கறானுங்க" என்றார். அவர் கை கேட்டுக் கம்பியைப் பிடித்திருந்தது, நானும் அதே கம்பியைப் பிடித்திருந்தேன். அவன் செத்துப்போனால் அது என் வாயால்தான்.

கிணற்றுக்கு மூடி போடச் சொன்னேன். போட்டாயிற்று என்றார்.

ஜூலை 14, வெள்ளி

இந்த நோட்டை முதலில் இருந்து படித்தேன். ஞாயிறு தோறும் அழைத்தேன், அழைத்தேன் என்று எழுதியிருக்கிறேனே தவிர, யாரை என்று ஓரிடத்திலும் எழுதவில்லை. என்னிடம் வருகிற யாராவது இப்படி எழுதியிருந்தால் சும்மா விடுவேனா?

ஆசீர். என் தம்பி. மதுரையில் ஒரு அச்சகத்தில் வேலை பார்க்கிறான். அவனுக்கு இருபத்தைந்து வயதில் குரல் கேட்டது. நான் அப்போதுதான் உளவியல் படித்து முடித்து, எல்லாம் தெரிந்தவளாகப் பாளையங்கோட்டை வீட்டுக்குத் திரும்பியிருந்தேன். அம்மாவுக்கு யோசனை சொன்னது நான். மாத்திரையை நுணுக்கியதும் நான். அவன் மூன்று முறை கேட்டான். அடுக்களையில் ஒரு தடவை, சர்ச் வாசலில் ஒரு தடவை, கடைசியாக பஸ் ஸ்டாண்டில், கையில் பெட்டியோடு. "யக்கா, சத்தியமாச் சொல்லு. எதுலயாவது கலக்கியளா?"

"ஏலே, இது நீ பேசல. உன் சீக்கு பேசுது."

இப்படித்தான் சொன்னேன். படித்த படிப்பை எடுத்து அவன் வாயில் அடைத்தேன். பதினோரு வருடம் ஆகிறது. அம்மா அடக்கத்துக்கு வந்தான், என்னோடு பேசவில்லை. இப்போது தானே டாக்டரிடம் போகிறானாம், தானே மாத்திரை போட்டுக்கொள்கிறானாம். சித்தி மகள் சொன்னாள். என் கை படாமல் நன்றாக இருக்கிறான்.

இதற்கு மேல் இன்று எழுத முடியவில்லை.

ஜூலை 17, திங்கள்

மயில்சாமி வந்தான்.

பதினோரு மணி இருக்கும். இளைத்து, தாடி வளர்ந்து, கையில் மஞ்சப்பை. என் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து பைக்குள் இருந்து நோட்டையும் அந்தப் பேர் வெட்டிய டம்ளரையும் எடுத்துவைத்தான்.

"சத்தம் திரும்ப வந்துருச்சுங்க. ஒரு வாரமாச்சு. கெணத்துப் பக்கமிருந்து ஒரு ஆளு என்ற பேரச் சொல்லிக் கூப்படறான். கோடு போட்டு எழுதிப் பாத்தேன். முடிக்க முடியல."

நோட்டைத் திருப்பிக் காட்டினான். இடப்பக்கம்: கேட்குது. வலப்பக்கம்: போய்ப் பாத்தேன், ஆள் இல்லை. அதற்குக் கீழே, அம்மா கேக்கலைன்னாங்க. அந்த வரி அடிக்கப்பட்டிருந்தது.

"அம்மா சொல்றத எழுத முடியாதுங்க. எனக்கு நல்லதுன்னா எத வேணாலும் சொல்லுவாங்க."

"நானும்தானே பொய் சொன்னேன்" என்றேன்.

"சொன்னீங்க. ஆனா பொய்யினு நீங்களே வந்து சொன்னீங்கள்ல. அதனால நீங்க சொல்றத எழுதிக்கலாம்னு பாக்கறேன்." பேனாவைத் திறந்து கையில் வைத்துக்கொண்டான். முகமெல்லாம் வேர்த்திருந்தது. "இப்பக் கூப்படறானுங்க. உங்களுக்குக் கேக்குதுங்களா? நல்லாக் கேட்டுச் சொல்லுங்க. அவசரமில்ல."

என் வாழ்நாளில் அப்படி ஒரு கவனத்தோடு நான் எதையும் கேட்டதில்லை. கண்ணை மூடிக்கொண்டேன்.

"ரங்காத்தா மிக்சி ஓட்டுறாங்க. ரோட்டுல லாரி போகுது. நாச்சிமுத்து இருமுறார். உங்க பேர யாரும் கூப்பிடல, மயில்சாமி."

எழுதினான். மூன்றையும் எழுதினான், இருமல் உட்பட. கீழே முடிவு என்று போட்டு, பேனாவை மூடித் திறந்தான். பிறகு எழுதினான்: "எனக்கு மட்டும் கேக்குது."

அழுதான். நான் அழக்கூடாது என்பது தொழில் விதி. விதியைக் காப்பாற்றினேன் என்று சொல்ல முடியாது.

டாக்டருக்குப் போன் போட்டேன். பாதி மாத்திரையில் இருந்து தொடங்கச் சொன்னார். மயில்சாமி சரி என்றான், ஆனால் பட்டையோடு வேண்டும், தானே பிரிக்க வேண்டும். தெய்வாத்தாளை வரச்சொன்னேன். ஒரு மணிக்கு மாத்திரைப் பட்டையோடு ஓடிவந்தார். சாப்பாட்டு வரிசையில் அம்மாவும் மகனும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அவன் தன் டம்ளரில் தண்ணீர் மொண்டு முதலில் அம்மாவிடம் நீட்டினான்.

"குடிங்க."

அவர் அந்த டம்ளரைப் பார்த்தார். ஒரு வருடமாகத் தன் கையாலேயே கழுவிக் கழுவி வைத்த டம்ளர். அண்ணாந்து பாதியைக் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அவன் பட்டையைக் கிழித்து, மாத்திரையை நகத்தால் இரண்டாக உடைத்து, ஒரு பாதியை எல்லோருக்கும் காட்டிவிட்டு வாயில் போட்டு மீதித் தண்ணீரைக் குடித்தான்.

ரங்காத்தாள் சோறு கொண்டுவந்தாள். இரண்டு பேரும் சாப்பிட்டார்கள்.

ஜூலை 19, புதன்

"உங்களுக்கு அதிர்ஷ்டம்" என்றார் டாக்டர். ஆமாம் என்றேன். வாதாடவில்லை. கிணற்றில் அவன் கிடந்திருந்தால் இதே நோட்டில் வேறு என்ன எழுதியிருப்பேன்?

ஜூலை 23, ஞாயிறு

அழைக்கவில்லை. அதற்குப் பதில் கடிதம் எழுதினேன். நாலு தாள் கிழித்த பிறகு இவ்வளவுதான் மிஞ்சியது:

"ஆசீர், நீ மூன்று தடவை கேட்டாய். மூன்று தடவையும் பொய் சொன்னேன். கலந்தேன். நீ சொன்னது சரி. உன் சீக்கு பேசவில்லை, நீதான் பேசினாய். அக்கா."

சௌக்கியமா என்று கேட்கவில்லை. அதைக் கேட்கும் உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை.

ஜூலை 31, திங்கள்

போன வாரம் மயில்சாமி ஏழு நாளில் ஐந்து நாள் மாத்திரை போட்டிருக்கிறான். மற்ற இரண்டு நாள் ஏன் போடவில்லை என்று அவனே நோட்டில் எழுதியிருக்கிறான்: "பிடிக்கல." சத்தம் குறைந்திருக்கிறது, போகவில்லை. சாயந்திரக் காப்பியை இப்போது அவனே போடுகிறானாம். சர்க்கரையை அள்ளிக் கொட்டுகிறான் என்று தெய்வாத்தாள் புகார் சொன்னார். என்னோடு இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. புகார் மட்டும் சொல்கிறார்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

துணி துவைத்தேன். சிலிண்டர் தீர்ந்துவிட்டது. வீட்டுக்காரம்மாவுக்குச் சந்தோஷமாக இருக்கும். ஐந்து மணிக்குப் போனைக் கவிழ்த்துவைத்துவிட்டுப் போர்வையை மடித்துக்கொண்டிருந்தேன்.

ஐந்து பத்துக்கு அடித்தது.

எடுத்தேன். ஆசீரின் எண். அந்தப் பக்கம் ஏதோ இயந்திரம் ஓடி நின்றது. ஞாயிற்றுக்கிழமையும் வேலை போல.

"எதுலக்கா கலந்த?"

பதினோரு வருடத்துக்குப் பிறகு முதல் பேச்சு. குரல் அப்பாவுடையதைப் போல ஆகியிருந்தது.

"மோர்லலே" என்றேன்.

அவன் மூச்சு விடுவது கேட்டது. நான் காதை அழுத்திக்கொண்டு காத்திருந்தேன்.

"மோர்லயா? நான் ரசம்னுல்லா நெனச்சேன்." அந்தப் பக்கம் நாற்காலி இழுபட்டது. "பதினோரு வருசமா ரசம் தொடலக்கா நான். மோருதான் குடிக்கேன். தெனமும்."

"நான் மோர் குடிக்கிறதில்ல" என்றேன்.

சத்தம் வந்தது. சிரிப்புதான் என்று நினைக்கிறேன். இடப்பக்கம் எழுதுவதா வலப்பக்கம் எழுதுவதா என்று தெரியவில்லை.

"வச்சிரட்டா?" என்றான்.

"வைலே" என்றேன்.

ரெண்டு பேரும் வைக்கவில்லை.